ஈரச் சாக்கின் மேல் ஒரு நிமிடம்

சிங்கி இறாலின் ரத்தம் சிவப்பாக இருக்காது. ஊசிக் குழாயில் ஏறும்போது வடித்த கஞ்சித் தெளிவு போல இருக்கும். சற்றுக் காற்றுப் பட்டால் நீலம் பாரிக்கும். இன்னும் கொஞ்சம் விட்டால் சளி போலக் கட்டிக்கொண்டு குழாயின் அடியில் ஒட்டும். அதைக் குச்சியில் துணி சுற்றி வழித்துக் கழுவி வைப்பதும் என் வேலைதான். எழுபதுகளின் நடுவில், போர்ட் பிளேரில், கைக்குழந்தைக்காரியாக இருந்த நான் ஒரு மழைக்காலம் முழுவதும் இதைச் செய்தேன். என்ன வேலை என்று யாராவது கேட்டால் "ஆபீஸ் வேலை" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். இறாலின் ரத்தத்தில் அணுக்களை எண்ணுகிறேன் என்று ஒரு பெண் எப்படிச் சொல்வாள்?

என் கணவர் அரசாங்க ஸ்டோரில் குமாஸ்தா. பத்துபஸ்தியில் தகரக் கூரை போட்ட குவார்ட்டர்ஸ் கொடுத்திருந்தார்கள். நான் தூத்துக்குடிப் பக்கம் கன்னியாஸ்திரீகள் நடத்திய கல்லூரியில் விலங்கியல் படித்தவள். மெயின்லேண்டிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். மைக்ராஸ்கோப்பில் பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று ஊரெல்லாம் விசாரித்தார். என் கணவர், "வீட்டிலேயே ஒருத்தி இருக்கிறாள்" என்று யாரிடமோ பெருமையாகச் சொல்லிவிட்டார். தற்காலிக வேலை. என் மகளுக்கு அப்போது ஐந்து மாதம். பக்கத்து வீட்டு வங்காளி தீதி பகலில் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். எனக்கு மறுக்கத் தெரியவில்லை. மறுத்திருந்தால், படித்தும் வீணாக உட்கார்ந்திருக்கிறோமே என்று அதற்கும் வருத்தப்பட்டிருப்பேன்.

வேலை இதுதான். பவளப் பாறைகளில் பிடிக்கும் சிங்கி இறாலை அடுத்த கப்பல் வரும்வரை உயிரோடு வைத்திருக்க வேண்டும். அதற்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் கடல்நீர் ஏற்றி வைத்திருந்த சிமென்ட் தொட்டி. மற்றொன்று, மீன்பிடிக் குடும்பங்கள் கழிமுகத்தில் மூழ்கடித்துக் கட்டிவைக்கும் மூங்கில் கூண்டு. எதில் இறால் குறைவாக அவதிப்படுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

"செத்ததுக்கு அப்புறம் எண்ணினா என்ன பிரயோஜனம்?" என்பார் அந்த அதிகாரி. எங்களுக்கு அவர் சார். "சாகறதுக்கு முன்னாடியே ரத்தம் சொல்லிடும். நல்லா இருக்கற இறால் ரத்தத்துல செல் நிறைய இருக்கும். கஷ்டப்பட்ட இறால்ல குறைஞ்சுடும். நீங்க எண்ணுங்க, நான் தீர்ப்பு எழுதறேன்."

தீர்ப்பு என்று அவர் சொன்னது விளையாட்டுக்கு இல்லை. தொட்டிதான் நல்லது என்று ஆனால், கழிமுகத்தில் கூண்டு கட்டும் அனுமதி ரத்தாகும். பிடித்த இறாலை அன்றன்றே தொட்டியில் ஒப்படைக்க வேண்டும். கூண்டுக்காரர்களில் எங்களுக்கு இறால் கொண்டுவந்தவர் எங்கள் தூத்துக்குடிக் கடற்கரைக்காரர்தான். ஞாயிறு பூசையில் எனக்கு இரண்டு வரிசை முன்னால் நிற்பார். முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. மூழ்கி மூழ்கி இரண்டு காதிலும் சீழ் வைத்துவிட்டது. இனித் தண்ணீருக்குள் தலையை விடக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அதன்பிறகு அவருக்கும் அவர் மனைவிக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் இருந்தது அந்தக் கூண்டுகள் மட்டும்தான். மற்றவர்கள் பிடித்ததை வாங்கி, சிப்பியும் நண்டும் இரையாக உடைத்துப் போட்டு, கப்பல் வரும்வரை காப்பாற்றித் தருவார். தினமும் காலை பத்து மணிக்கு, ஓட்டை போட்ட தகர டின்னில் நான்கு இறாலைப் போட்டு, தன் டோங்கிப் படகின் பக்கத்தில் தண்ணீருக்குள்ளேயே இழுத்துக்கொண்டு வந்து, எங்கள் பின்வாசல் படிக்கட்டில் தனியாக வைத்திருக்கும் சின்னக் கடல்நீர்த் தொட்டியில் விட்டுவிட்டுப் போவார்.

"நல்லா எண்ணு தங்கச்சி. ஒண்ணு ரெண்டு கூடப் போனாலும் ஒண்ணும் ஆவாது" என்பார். சத்தமாகத்தான் பேசுவார். காது அடைத்திருந்ததால்.

சார் முதல் நாளே பல தடவை சொல்லியிருந்தார். இறாலைத் தண்ணீரிலிருந்து எடுத்த ஒரு நிமிடத்துக்குள் ஊசி ஏற வேண்டும். வெளியே கிடக்கக் கிடக்க அதுவே ஒரு அவதி; ரத்தம் மாறிவிடும். நோட்டில் 'வெளியே இருந்த நேரம்' என்று ஒரு பத்தி இருந்தது. தொட்டி இறால்களுக்குக் காலையில் எட்டு மணிக்கே அட்டெண்டர் ஊசி போட்டுவிடுவார். அவர் அங்கேயே பிறந்து வளர்ந்தவர், ஹிந்திக்காரர். ஒரு கையால் இறாலைத் தூக்கி மறுகையால் கடைசிக் காலின் அடியில் இருக்கும் மெல்லிய தோலில் குத்தி எடுத்துவிடுவார். கத்தரிக்காய் நறுக்குகிறவர் போல அவ்வளவு சாதாரணமாக. பத்து மணிக்கு அவர் தபால் எடுத்துக்கொண்டு தலைமை அலுவலகம் போய்விடுவார். கூண்டு இறால்கள் எனக்கு.

எனக்கு அருவருப்பு. வேறு சொல் இல்லை. கடற்கரையில் பிறந்தவள், மீன் நாற்றம் எனக்குப் புதிதில்லை. ஆனால் உயிரோடு இருக்கும் சிங்கி இறாலைக் கையில் பிடித்துப் பார்த்தால் தெரியும். பிடித்ததும் மீசையின் அடியிலிருந்து 'கிர்ர் கிர்ர்' என்று ஒரு சத்தம் எழுப்பும், துருப்பிடித்த தகரத்தைச் சுரண்டுவது போல. கால்கள் எல்லாம் ஒரே சமயத்தில் காற்றில் எதையோ தேடும். வாலை மடித்து மடித்து அடிக்கும்போது வயிற்றுப் பக்கத்து நீரும் வழவழப்பும் முகத்தில் தெறிக்கும். பெண் இறாலாக இருந்தால் வாலின் அடியில் ஆரஞ்சு நிறத்தில் கொத்துக் கொத்தாக முட்டை. அது விரலில் ஒட்டும். பிரசவத்துக்குப் பிறகு என் உடம்பே எனக்குப் பிடிக்காமல் இருந்த காலம் அது. எப்போதும் பால் வாடை, எப்போதும் ரவிக்கையில் ஈரம். அதோடு இதுவும் சேர்ந்தது.

அருவருப்பைவிடப் பெரியது பயம். என் மகளின் கழுத்து மடிப்பிலும் காதின் பின்னாலும் சிவந்து செதில் செதிலாக ஏதோ வந்திருந்தது. ஊரிலிருந்து அம்மா எழுதியிருந்தாள்: "பால் கொடுக்கிறவள் இறால் பக்கமே போகாதே. கரப்பான் பண்டம். உன் உடம்பில் பட்டால் பிள்ளை உடம்பில் வரும்." இறாலை நான் தின்னவில்லை. ஆனால் ரத்தம் ரவிக்கையில் தெறித்தால்? விரல் இடுக்கில் இருந்து பால் வழியாகப் போனால்? அப்படிப் போகாது என்று எனக்குத் தெரியும். பரீட்சையில் கேட்டிருந்தால் நான்கு பக்கம் எழுதியிருப்பேன். ஆனாலும் வீட்டுக்குப் போனதும் குழந்தை முகத்தைத் திருப்பி மார்பைத் தேடும்போது, கார்பாலிக் சோப்பில் மூன்று தடவை கழுவிய கையை நான்காம் தடவையும் கழுவப் போவேன். அதுவரை அது அழும். அழ விடுகிறேனே என்று வருத்தம். கழுவாமல் எடுத்துவிட்டால் அதற்கு வேறு வருத்தம்.

அதனால் ஒரு வழி செய்துகொண்டேன். ஈரச் சாக்கால் இறாலை அள்ளி, பின்வாசல் நிழலில் அதே சாக்கின் மேல் போட்டுவிடுவேன். முதலில் துள்ளும், சத்தம் போடும். பிறகு துள்ளல் குறையும். கால்கள் மெதுவாகும். மீசை சாயும். அப்புறம் எடுத்துக் குத்தினால் தெறிக்காது. அந்த இடைவெளியில் நான் கண்ணாடிகளைத் துடைப்பேன், இல்லையென்றால் மறைவுக்குப் போய் கட்டிய பாலைப் பீய்ச்சிவிட்டு வருவேன். எவ்வளவு நேரம் ஆகும் என்று நான் கடிகாரம் பார்த்ததில்லை. பார்க்க விரும்பவில்லை என்பதுதான் உண்மை. நோட்டில், வெளியே இருந்த நேரம் என்ற பத்தியில், ஒரு நிமிடம் என்று எழுதினேன். சாக்கிலிருந்து எடுத்தபின் ஒரு நிமிடம். அது பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள அந்த அளவு படிப்பு போதுமாக இருந்தது. அடங்கிப்போன இறால் நிம்மதியாக இருக்கிறது என்றுகூட நினைத்தேன். அழுது ஓய்ந்த குழந்தை மாதிரி.

பிறகு எண்ணுவது. ஆஸ்பத்திரியில் மனித ரத்தத்தை எண்ண வைத்திருப்பார்களே, பொடிப்பொடியாய்க் கட்டம் கீறிய கண்ணாடி, அதேதான். உறையாமல் இருக்க மருந்து கலந்த ஒரு துளியை அதில் விட்டு, மைக்ராஸ்கோப்பின் கீழே வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை அணு என்று பென்சிலால் புள்ளி வைப்பேன். அங்கே மட்டும் எனக்கு நிம்மதி. நாற்றம் இல்லை, கால் இல்லை. தொட்டி இறாலின் கட்டங்கள் நெருக்கமாக இருக்கும். கூண்டு இறாலின் கட்டங்களில் இங்கொன்றும் அங்கொன்றும்தான். நாளாக நாளாக இரண்டு பத்திகளும் விலகிக்கொண்டே போயின. சாருக்கு மகிழ்ச்சி. தொட்டியைக் கட்டச் சொன்னதே அவர்தான்.

ஊசி போட்ட இறால்களை அட்டெண்டர் மத்தியானம் உப்புப் போட்டு அவித்துவிடுவார். சார் அறிக்கைக் காகிதங்களை ஒதுக்கி வைத்துவிட்டு, காலை உடைத்து உறிஞ்சுவார். "நீங்க சாப்பிடலையா? ஓஹோ, பத்தியம்" என்று சிரிப்பார். விரலை நக்கிவிட்டு அதே விரலால் என் நோட்டைப் புரட்டுவார். பக்கங்களின் ஓரத்தில் பிசுபிசுத்த விரல் ரேகை இருக்கும். நான் பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

அறிக்கை முடிவதற்கு முந்தைய வாரம் கூண்டுக்காரர் காதில் விஷயம் விழுந்துவிட்டது. பூசை முடிந்து வெளியே வந்தபோது மனைவியோடு என்னை மறித்தார்.

"என்ன தங்கச்சி, என் இறாலுக்கு ரத்தமே இல்லன்னு எழுதிட்டியாமே?"

"ரத்தம் இல்லன்னு இல்லண்ணே. அதுல இருக்கற அணு குறைவா இருக்கு."

"குறைவா இருந்தா சாவணும்லா? போன கப்பல்ல என் கூண்டு இறாலு ஒண்ணுகூடச் சாவல. தொட்டி இறாலுதான் நாறிப் போச்சி. கேட்டுப் பாரு."

"எனக்குக் கப்பல் கணக்கு தெரியாதுண்ணே. நான் கண்ணாடில பாக்கறதைத்தான் எழுதறேன்."

அவர் மனைவி என் மகளின் கன்னத்தைத் தொட்டபடி, "படிச்ச பிள்ள பொய்யா எழுதும்? விடுங்க" என்றாள். அவள் என்னை நம்பித்தான் சொன்னாள். நான் மகளை அவள் கையிலிருந்து சற்று விலக்கிக்கொண்டேன். இறால் தொட்ட கை. அந்த விலக்கலை அவள் கவனித்தாள்.

திங்கட்கிழமை பெருமழை. பின்வாசலில் சாக்கு இல்லை. கூரை ஒழுகுகிற இடத்தில் விரிக்க அட்டெண்டர் எடுத்துப் போயிருந்தார். வெறும் சிமென்டில் போட்டால் முள் உடைந்து ரத்தம் போய்விடும். என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு பெரிய இறாலைத் தண்ணீரிலிருந்து எடுத்த கையோடு, முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு, வயிற்றோடு சேர்த்து அழுத்தி, குத்திவிட்டேன். சத்தம் என் விலா எலும்பில் அதிர்ந்தது. ரவிக்கையிலும் கழுத்திலும் தெறித்தது. குழாயை வைத்துவிட்டு வாந்தி எடுத்தேன்.

பிறகு கண்ணாடியில் பார்த்தேன். கட்டங்கள் நிறைந்திருந்தன.

தொட்டி இறாலின் துளியைத் தவறாக வைத்துவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். கழுவித் துடைத்து வேறு துளி வைத்தேன். அதே நெருக்கம். இரண்டாவது இறாலையும் நேராக எடுத்துக் குத்தினேன். அதுவும் அப்படியே. மூன்றாவதைச் சாக்கு இல்லாததால் என் ஈரத் துண்டின் மேல் போட்டு, வழக்கம் போல அடங்கும்வரை விட்டேன். இந்த முறை கடிகாரம் பார்த்தேன். பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஆனது. அதன் கட்டங்களில் இங்கொன்றும் அங்கொன்றும்.

அது கூண்டின் ரத்தம் இல்லை. என் சாக்கின் ரத்தம். நிம்மதியாக அடங்கியது என்று நான் நினைத்த ஒவ்வொன்றும் வெளியே கிடந்து மூச்சுத் திணறியிருக்கிறது. நான் பக்கத்திலேயே நின்று கண்ணாடி துடைத்திருக்கிறேன். அதுவரை இறாலின் மேல் இருந்த அருவருப்பெல்லாம் அந்த இடத்திலேயே திரும்பி என் மேல் வந்து உட்கார்ந்தது. என் ரவிக்கையைப் பார்த்தேன், ஒரு பக்கம் நீலம் பாரித்த கறை, மறுபக்கம் பால் கறை. இரண்டையும் ஒன்றாகக் கழற்றி எறிய வேண்டும் போல இருந்தது.

சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். அவர் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"சார்கிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

"சொல்லாதே. டெம்பரரி வேலை. நோட்டுல பொய் எழுதினேன்னு நீயே போய்ச் சொன்னா, நாளைக்கு எனக்கும் பேர் கெடும். உன்னை அங்க சேத்தது நான்."

"அவருக்குக் கூண்டு போயிடுமே."

"தொட்டி நிஜமாவே நல்லதா இருந்தா?"

அதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. நிஜமாகவே நல்லதாக இருக்கலாம். இரண்டு இறாலை வைத்து என்ன சொல்ல முடியும்? இன்றைக்கு எண்ணியதும் தவறாக இருக்கலாம். மருந்து கூடியிருக்கலாம். மழைத் தண்ணீர் சேர்ந்திருக்கலாம். ஒரு பக்கம், சொல்லாமல் இருக்க நான் காரணம் தேடுகிறேன் என்று தெரிந்தது. மறுபக்கம், சொல்லிவிட்டு நல்லவளாகப் பார்க்கிறேனோ என்றும் சந்தேகம். மறுநாள் காலையில் சார் அறைக்குப் போகும்வரை நான் முடிவெடுக்கவில்லை. உள்ளே போனதும் வாய் தானாகச் சொன்னது.

"சார், கூண்டு இறாலோட எண்ணிக்கை எல்லாம் தப்பு."

"எண்ணினதே நீங்கதானே."

"எண்ணினது சரி சார். எடுத்தது தப்பு. ஒரு நிமிஷம்னு எழுதினேன். ஒரு நிமிஷம் இல்ல."

சாக்கைப் பற்றிச் சொன்னேன். ஏன் என்று கேட்டார். துள்ளும் என்றேன். இறால் துள்ளத்தானே செய்யும் என்றார். தெறிக்கும் என்றேன். வேறு வழியில்லாமல் கரப்பானையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"எந்தக் காலேஜ் நீங்க?"

சொன்னேன்.

"அங்க ஜுவாலஜி சொல்லித் தந்தாங்களா, கைவைத்தியமா?"

டைப் அடித்து முடித்த அறிக்கை அவர் முன்னால் இருந்தது. அதன் மேல் விரலால் தட்டிக்கொண்டே இருந்தார். கிழித்துப் போடும் எண்ணம் அவருக்கு இல்லை என்று எனக்குத் தோன்றியது. அப்படியே அனுப்பிவிடுவார். கடைசியில் அவரை மாற்றியது கூண்டுக்காரரின் நிலைமை இல்லை.

"மெட்ராஸ்ல எவனாவது இதைத் திரும்பச் செஞ்சு பார்த்தா என் பேருதான் நாறும்" என்றார். "அறிக்கை போற கப்பல் வெள்ளிக்கிழமை. மூணு நாள். தொட்டி, கூண்டு, ரெண்டையும் நீங்களே எடுங்க. அட்டெண்டர் பக்கத்துல நின்னு நேரம் சொல்லட்டும்."

மூன்று நாளும் எடுத்தேன். அட்டெண்டர் என் கைக்கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பந்தயம் நடத்துகிறவர் போல நின்று, முப்பது, நாற்பது என்று வினாடிகளை ஹிந்தியில் சொன்னார். "பாபி, தீஸ். பாபி, சாலீஸ். ஜல்தி, ஜல்தி. முகம் அங்கே திருப்பினா ஊசி எங்கே போகும்? இதர் தேகோ, இங்கே பாருங்க." ஒரு தடவை ஊசி வழுக்கி என் கட்டைவிரலில் ஏறியது. "இப்ப உங்க ரத்தமும் எண்ணிப் பாக்கலாம் பாபி" என்று சிரித்தார். கையில் வழவழப்பு காயவே இல்லை. முட்டை நகக்கண்ணில் புகுந்துகொண்டது. பழகிவிடும் என்று அவர் சொன்னார். பழகவில்லை. கடைசி இறாலும் முதல் இறாலைப் போலத்தான் இருந்தது. பழகாமலே ஒரு நிமிடத்துக்குள் செய்ய முடியும் என்பதுதான் எனக்குத் தெரிந்தது. அது முதல் நாளே தெரிந்திருக்கலாம். மகளின் கழுத்துச் செதில், இத்தனை தெறித்தும், கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

கூண்டு இறால் தொட்டி இறாலுக்குக் குறைந்ததில்லை என்று வந்தது. மூன்றில் இரண்டு நாள் சற்று மேல். சார் புதிய பக்கங்களை டைப் அடிக்கச் சொன்னார். பழைய எண்கள் 'கையாளுதலில் நேர்ந்த பிழை காரணமாக' விலக்கப்பட்டன என்று ஒரு வரி. யார் கை என்று அதில் இல்லை. கூண்டு அனுமதி அடுத்த பருவத்துக்கும் நீட்டிக்கப்பட்டது.

கூண்டுக்காரர் சனிக்கிழமை பின்வாசலுக்கு வந்தார். மனைவியும் கூட வந்திருந்தாள்.

"நான் சொல்லல? படிச்ச பிள்ள நியாயமா எழுதும்னு" என்று அவள் அவரிடம் சொன்னாள். அவர் பல் தெரியச் சிரித்தபடி, "தங்கச்சி, நீதான் எங்களக் காப்பாத்துன" என்றார்.

அந்த நன்றியை வாங்கிக்கொண்டு உள்ளே போயிருக்கலாம். யாருக்கும் நட்டமில்லை. ஆனால் அது சார் அவித்த இறாலை உறிஞ்சுகிற மாதிரி இருந்தது. கூண்டுக்காரருக்குக் காது கேட்க வேண்டும் என்பதால் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. சாக்கு, நிழல், அடங்கும்வரை காத்திருந்தது, நோட்டில் எழுதியது, எல்லாம். அட்டெண்டர் உள்ளிருந்து எட்டிப் பார்த்தார்.

கூண்டுக்காரரின் சிரிப்பு உடனே போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் போனது.

"அப்போ இத்தன நாளு எம் பொருள வெளிய போட்டுச் சாவடிச்சிட்டு, கூண்டுலதான் கோளாறுன்னு எழுதியிருக்க."

"ஆமாண்ணே."

"எதுக்கு? தொட அருவருப்பு."

"ஆமா."

அவர் மனைவி என்னைப் பார்த்தாள். கோயில் வாசலில் நான் பிள்ளையை விலக்கியது அவளுக்கு அப்போதுதான் முழுதாக விளங்கியிருக்க வேண்டும். தன் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள், ஈரமே இல்லாத கையை. "வாங்க போவோம்" என்றாள்.

பருவம் முடியும்வரை எண்ணச் சொல்லியிருந்தார் சார். திங்கட்கிழமை டின்னைப் படிக்கட்டுத் தொட்டியில் கவிழ்த்துவிட்டு கூண்டுக்காரர் போகவில்லை. பின்வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு நின்றார். நான் முதல் இறாலை எடுத்தேன். அவர் கண் என் கையை விட்டு நகரவில்லை. ஊசி ஏறி, குழாயில் ரத்தம் வந்து, இறாலைத் திரும்பத் தண்ணீரில் விட்ட பிறகுதான் அடுத்ததைப் பார்த்தார். நான்கும் முடிந்ததும் படியிறங்கிப் போனார். மறுநாளும் வந்து நின்றார். நான் அந்த வேலையில் இருந்த கடைசி நாள்வரை, மழையானாலும் வெயிலானாலும், ஒரு நாளும் அவர் நிற்காமல் போனதில்லை. தங்கச்சி என்று அதன்பிறகு கூப்பிடவும் இல்லை.